ஸ்லோலி சார்

என் சகலையின் நெற்றியில், புருவத்துக்குச் சற்று மேலே, ஒரு தழும்பு இருக்கிறது. அடிதடிக்குப் போகிற ஆள் இல்லை அவர். போனாலும் அடிவாங்குகிற கட்சியில்தான் இருப்பார். எப்படி வந்தது என்று கேட்டால், "ஸ்லோலிங்கிற வார்த்தை லேட்டா வந்ததால வந்தது" என்பார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். எங்கள் பக்கம் நாலு தெரு தாண்டினால் பாஷை மாறிவிடும். கார் கற்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பாஷை பேசுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது கைப்பிடி அளவு இங்கிலீஷ்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேக்கரிக்காரர் கற்க வந்திருக்கிறார். ஆள் கனம், காலும் கனம். தெருமுனை நெருங்கியதும் சகலை "பிரேக் ஸ்லோலி" என்று சொல்லத் தொடங்கினார். ‘பிரேக்’ காதில் விழுந்த மாத்திரத்தில் அந்த மனிதர் மாவு மூட்டையை இறக்குவதுபோல் காலை இறக்கிவிட்டார். பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்ப்பதற்காக அப்போதுதான் பெல்ட்டைக் கழற்றியிருந்தார் சகலை. அவர் நெற்றி நேராகப் போய் எதிரே இருந்த டேஷ்போர்டில் மோதியது. ‘ஸ்லோலி’ அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து வெளியே வந்ததாம், ‘ஐயோ’வோடு சேர்ந்து.

நெற்றியில் கட்டோடு என் கடைக்கு வந்தார். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர்போல் சொன்னார்:

"பிரேக்னு சொன்ன உடனே கால் கிளம்பிடுது சகலை. கிளம்பின காலைப் பின்னாடியே ஓடிப்போய்க் கூப்பிட முடியுமா? எப்படிங்கிறத முன்னாடி சொல்லணும். என்னங்கிறத அப்புறம் சொன்னாப் போதும்."

"நாம அப்படித்தானே சொல்றோம்? மெதுவாப் பிடி, மெல்லத் திருப்பு."

"அதேதான்! இங்கிலீஷையும் நம்ம வரிசையில நிக்க வச்சிட வேண்டியதுதான்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் காரில் இங்கிலீஷ் வரிசை மாறி நின்றது. ஸ்லோலி பிரேக். ஜென்ட்லி ரிலீஸ். கேர்ஃபுல்லி டர்ன். ஒருமுறை இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தி கற்க வந்தாள். தப்புக் கண்டுபிடிப்பாளோ என்று சகலைக்கு உள்ளுக்குள் உதறல். அவளோ சிரித்துவிட்டு, "சார், ‘ஐ ஆல்வேஸ் வாக்’, ‘ஷி நெவர் ஈட்ஸ்’னு தினமும் பேசுறோமே, அங்கயும் அந்த வார்த்தைங்க வினைக்கு முன்னாடிதானே நிக்குது? நீங்க மத்ததையும் அதுங்க கூடக் கூட்டிட்டு வந்து நிக்க வச்சிருக்கீங்க. நிக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ‘ஆல்வேஸ் லுக்’, ‘நெவர் டச்’, ‘ஜஸ்ட் வெயிட்’ என்று புதுப்புதுச் சரக்காக இறக்கினார். மாணவர்கள் அவருக்கு ‘ஸ்லோலி சார்’ என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவர் நிஜப்பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்த ஸ்கூல் வாட்ச்மேனே கையை விரித்துவிடுவார்.

நானும் அவரிடம் கற்றவன்தான். அதனால் கிண்டல் செய்தாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ‘ஜென்ட்லி…’ என்று அவர் இழுக்கும்போதே தோள் தளர்ந்துவிடும். அடுத்து வரப்போவது கிளட்சா பிரேக்கா என்று இன்னும் தெரியாது. ஆனால் எது வந்தாலும் மென்மையாகச் செய்யவேண்டும் என்று கைகால்கள் தயாராகிவிடும். என்னைப் போன்ற பதற்றக்காரனுக்கே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த வித்தை அது.

வித்தை காரோடு நின்றிருக்கலாம். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் வீட்டுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். போனில் இப்படி ஆரம்பித்திருக்கிறார்: "மாமா, பதறாம, மெதுவா உக்காந்து, நிதானமாக் கேளுங்க…" மாமனார் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. மாமியார் ஒப்பாரிக்குக் குரலைச் சரிசெய்துகொண்டார். ‘பேத்தி பிறந்திருக்கா’ என்ற விஷயம் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்து நின்றார்களாம். இன்றுவரை அவர் எண் போனில் தெரிந்தால் மாமனார் எடுக்கமாட்டார், மாமியாரிடம் நீட்டிவிடுவார்.

இவருக்கு வாய்த்த மனைவி நேர் எதிர். என் மனைவிக்கு அக்கா, எனக்கும் அக்காதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் போட்டது தெரியாது. "உங்க பையன் எந்த கிளாஸ்?" என்று கேட்பாள், "ஏழாவது" என்று சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். எப்படி என்பதும் இல்லை, என்ன என்பதும் இல்லை, நேரே காரியம்தான். நடையும் அப்படி. சமையலும் அப்படி. கோபம் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாக வரும், வந்தால் சட்டென்று போகாது.

அவளுக்கு வருஷக்கணக்காக நைட் டியூட்டி. சகலைக்குப் பகல் வேலை. அவள் வீடு திரும்பும் நேரத்தில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் ஒருவர் சாவியை ஒருவர் கையில் கொடுத்துக்கொள்வதுதான் அவர்கள் இல்லறம். அவர் போர்த்திக்கொண்ட போர்வையின் சூடு ஆறுவதற்குள் அதே போர்வையில் அவள் படுப்பாள். "நான் கட்டினது புருஷனையா, ஷிப்ட் மாத்துற ஆளையா?" என்று என் மனைவியிடம் ஒருநாள் கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாளாம். ஆனால் அதைச் சொல்லும்போது என் மனைவி சிரிக்கவில்லை.

அப்படியிருக்க, ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வேலை உண்டானது. நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றி, மருந்து கொடுத்து வரவேண்டும். முழுக்கப் பகல் வேலை. ஆஸ்பத்திரியே சின்னக் கார் ஒன்று கொடுக்கும், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். தலைமை நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் வச்சிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸோட வா. இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க, அப்புறம் என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். டிரைவிங் வாத்தியார் பெண்டாட்டி அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ‘பஸ் இருக்கே’ என்று அவளுக்கு மட்டும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். இப்போது தட்ட வழியில்லை. "உனக்கு நானே சொல்லித் தர்றேன்" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

முதல் பாடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சாட்சி வேண்டுமென்று என் மனைவிதான் என்னைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடிய அகலமான தெரு. அக்கா வண்டியைக் கிளப்பினாள். முதல் தடவைக்கு நன்றாகவே உருண்டது. தூரத்தில் ஒரு நாய் நடைபாதையில் படுத்திருந்தது. தெருவுக்கு வருகிற எண்ணமே அதற்கு இல்லை.

"பிரேக்! பிரேக்! பிரேக்!" என்று கத்தினார் சகலை.

அக்கா மிதித்தாள். என் மூக்கு முன் சீட்டின் முதுகில் பதிந்தது. நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "திருப்பு! திருப்புன்னு சொல்றேன்ல!" அப்புறம் "நிறுத்து!" எந்தச் சொல்லுக்கும் முன்னால் ‘மெதுவா’வும் இல்லை, ‘ஜென்ட்லி’யும் இல்லை. இந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே கிடையாது. பேக்கரிக்காரர் தலையை உடைத்தபோதுகூட அவர் கத்தவில்லை.

பூட்டியிருந்த ஒரு மரச்சாமான் கடை வாசலில் அக்கா வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே குனிந்தாள்.

"ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் ஸ்லோலி, ஜென்ட்லி. எனக்கு மட்டும் வெறும் பிரேக்கா?"

"இல்லம்மா, ஒரு பயத்துல…"

"ஊருக்கெல்லாம் பதமா எடுத்துச் சொல்ற வாய், பெண்டாட்டிக்குன்னு வந்தா இப்படித்தானா? நான் பஸ்லயே போய்க்கிறேன்."

போயும் விட்டாள். வந்த பஸ்ஸில் ஏறிப் போகிறவளைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அவர். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அப்புறம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. சாவி கைமாறியது, சொல் கைமாறவில்லை. மாதமோ ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள்: "அக்கா, அவர் உனக்குப் புருஷன்கிறத மறந்துட்டு காசு கட்டின ஸ்டூடண்ட் மாதிரிப் போய் உக்காரு. அத்தானும் உன்னை ஸ்டூடண்டாவே நெனைக்கட்டும். கார்ல ஏறினா தமிழே கூடாது."

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. ஆனால் வேலை செய்தது. தமிழில் அவளிடம் பேச வாயெடுத்தால் பயம்தான் முன்னால் வந்து நின்றது. இங்கிலீஷில் அவருக்குக் கோபிக்கவே தெரியாது, கற்றதே அந்தப் பத்துப் பதினைந்து சாதுவான சொற்கள்தான். அடுத்த பாடத்தில் கார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, "குட் மார்னிங் மேடம். ப்ளீஸ், ஜென்ட்லி ஸ்டார்ட்" என்றார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு "எஸ் சார்" என்றாள். பின் சீட்டில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரித்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை இறக்கிவிட்டிருப்பார்கள்.

மளமளவென்று கற்றாள். அவரும் சொல்லச் சொல்ல இளகினார். ஸ்லோலி, வெரி ஸ்லோலி, கேர்ஃபுல்லி, சாஃப்ட்லி என்று நிறுத்தாமல் ஊற்றினார். "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இந்த மனுஷன் என்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசினது அந்த வண்டிக்குள்ளதான்" என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டாள் அக்கா. வீட்டிலும் பேச்சு திரும்பியது. ஒரு காலை வேளையில் நான் போனபோது, அவள் டியூட்டியிலிருந்து வந்து அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு நடுவில் இருவரும் நின்றபடியே ஒரே தட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஏதோ திருடினவர்கள்போல் விலகிக்கொண்டார்கள்.

டெஸ்டில் தோற்றாள்.

தப்பாக எதுவும் செய்யவில்லை. டெஸ்ட் எடுக்கிற அம்மாள் அவளை ஐந்து சாலை கூடும் பெரிய ரவுண்டானாவுக்கு ஓட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். உள்ளே நுழைய இடைவெளி வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் வரிசை கட்டிய வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டின. "பொறுமை நல்லதுதாம்மா. ஆனா ரோடு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்று சொல்லி அந்த அம்மாள் காகிதத்தில் கோடு போட்டுவிட்டார். மாதம் முடிய இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் நாள்தான் மிச்சமிருந்தது.

அன்று சகலை என் கடைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா யாரு? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஊசி போடுறவ. அவளைப் போய் ரவுண்டானாவுல நட்ட கல்லு மாதிரி நிக்க வச்சிட்டீங்களே. உங்க வாயிலேர்ந்து வர்ற எல்லா வார்த்தையும் பிரேக்குதான் சகலை. முன்னாடி கத்தினீங்க, இப்போ கொஞ்சுறீங்க. ரெண்டும் ஒண்ணுதான். ‘க்விக்லி’ன்னு ஒரு தடவையாவது அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"மத்தவங்களுக்குச் சொல்லியிருக்கேன்."

"அவளுக்கு?"

அவர் கண்ணாடி ஃப்ரேம் ஒன்றை எடுத்து மடக்கினார், விரித்தார். "மத்தவங்க ஓட்டும்போது எனக்கு ரோடு தெரியுது சகலை. இவ ஓட்டும்போது இவ முகம் மட்டும்தான் தெரியுது. ரோடே தெரியல. நான் என்ன பண்ணட்டும்?"

எத்தனையோ பேருக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பியவன் நான். இந்தக் கோளாறுக்கு என்னிடம் கண்ணாடி இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை.

டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதே ரவுண்டானாவுக்குப் போனோம். வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்புகிற நேரம். லாரி, பஸ், ஸ்கூட்டர் என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அக்கா விளிம்பில் வண்டியை நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

"வெயிட் மேடம்" என்றார் சகலை. ஒரு பஸ் போனது. "ஜஸ்ட் வெயிட்." ஒரு லாரி போனது. பின்னால் ஹாரன் சத்தம் தொடங்கிவிட்டது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, ஸ்கூல் கார் அல்லவா. அதன்மேல் இருந்த காலை அவர் மெல்ல எடுத்துத் தரையில் வைத்தார். கை முழங்காலை அழுத்திக்கொண்டது. லாரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி வந்தது, பெரிய இடைவெளியும் இல்லை.

"க்விக்லி…" என்றார்.

அதற்கடுத்து வரவேண்டிய சொல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, ‘போ’ என்பதை எந்தப் பாஷையிலும் அவரால் அவளிடம் சொல்ல முடியவில்லை. அக்கா அதற்குக் காத்திருக்கவும் இல்லை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது அவளுக்கு. லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, சுற்றி, மூன்றாவது சாலையில் வெளியேறி, ஒரு மருந்துக் கடை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். சகலை கண்களைத் துடைத்துக்கொண்டார். தூசு என்றார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது.

"இன்னொரு தடவை போலாமா சார்?" என்றாள் அக்கா.

மறுநாள் டெஸ்ட். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சகலை தன் கைக்குட்டையை மடித்து மடித்துத் தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கார் திரும்பி வந்தது. அக்கா இறங்கினாள், எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் போனை எடுத்துக் காதில் வைத்தாள். "சிஸ்டர், நான்தான். ஒண்ணாம் தேதி வந்துடறேன். ஆமா. கார்ல வந்துடறேன்." அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. சகலை எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெஸ்டில் ஓட்டியது நான் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

வீட்டுக்கு அவளே ஓட்டினாள். சகலை பழக்கத்தில் முன் கதவைத் திறந்தார். "நீங்க பின்னாடி உக்காருங்க, தம்பி முன்னாடி வரட்டும்" என்றாள். தமிழில் சொன்னாள். மறுபேச்சில்லாமல் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். அந்தக் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நிற்பார். ரயிலில் இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார், ரயிலை ஓட்டுகிறவருக்கு இவர் துணை. உருளுகிற எதிலும் கண் மூடமாட்டார் மனிதர்.

மார்க்கெட் தாண்டினோம். ரவுண்டானா தாண்டினோம். பின்னாலிருந்து ஒரு ‘ஸ்லோலி’யாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, சகலை தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வேறு.

"அக்கா, பாருங்களேன்" என்றேன்.

மேலே இருந்த கண்ணாடியில் அவள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் என்னென்னவோ வந்து போயின.

வீடு வந்தது. வாசலில் என் மனைவி நின்று கையசைத்தாள். அக்கா வண்டியை நிறுத்தவில்லை.

"தூங்கட்டும் தம்பி. இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள்.